சீதனமாகக் கேட்ட அடுப்பங்கரை

என் மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மாமி,

மண்ணுக்குள் கப்றில் நிம்மதியாக இருப்பவரிடம் வீட்டுத் தொல்லையைக் கொண்டுவருவது சரியில்லைதான். ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் நிக்காஹ் முடிந்த கையோடு வீட்டை உங்கள் மகளின் பேருக்கு எழுதிவிட்டு, பின்வளவில் தனியாக நின்ற அடுப்பங்கரைக்குக் குடிபோனீர்கள். அங்கேதான் இடியப்பம் அவித்துச் சாய்ந்தமருதுக் கடைகளுக்கு அனுப்பினீர்கள், அங்கேயே படுத்தீர்கள். கூரை ஒழுகிய மாரியில் முன் வீட்டுக்கு வரச் சொன்னதற்கு, "குடுத்த ஊட்டுல திரும்பிப் படுத்தா அது குடுத்ததா மகன்?" என்றீர்கள். உங்களோடு கதைத்து வென்றவர் யார்? அந்தப் பிடிவாதத்தில் எனக்கு எரிச்சலும் வந்ததுண்டு. மதிப்பு அதைவிட அதிகம்.

நான் மீனுக்குப் போகும் படகு ஒலுவில் கரையில் கிடக்கும் மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுவது இன்றைக்கும் அந்த அடுப்புத்தான். இப்போது உங்கள் மகள் நடத்துகிறாள். உங்கள் பேத்தி ஸுமையாவுக்குக் கலியாணம் பேசியாயிற்று. முறைப்படி வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் பின்னுக்குப் போகவேண்டும்.

அதற்குள் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். விற்பதற்குச் சமைக்கிற கட்டடத்தில் இனி யாரும் படுக்கக் கூடாதாம், படுத்தால் அனுமதிப் பத்திரம் கிடையாதாம். "சட்டம் புதுசு காக்கா, நான் என்ன செய்யிற?" என்று ஒரு தம்பிபோலச் சொன்னார். நல்ல பிள்ளை, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். சுத்தம் வேண்டாமென்று யார் சொன்னது? படுக்க ஓரிடம், சமைக்க ஓரிடம் எல்லாருக்கும் இருக்கிறதென்று சட்டம் எழுதியவர்களுக்கு நினைப்பு. அடுத்த ஒழுங்கையில் பிட்டு விற்ற ஹாஜரா ராத்தாவுக்கு இருப்பதே ஓர் அறை. தொழிலை விட்டுவிட்டு இப்போது வேலை கேட்டுத் திரிகிறா.

கொடுத்த வீட்டில் படுக்க உங்கள் மகளும் சம்மதிக்கவில்லை. உங்கள் ரத்தமல்லவா? அப்போ அடுப்பை மூடுவதா என்று நாங்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஸுமையா வாய் திறந்தாள்.

"வாப்பா, எனக்கு முன் ஊடு வேணாம். அடுப்பங்கரைய என்ட பேருக்கு எழுதுங்க. நீங்களும் உம்மாவும் உங்கட ஊட்டுலயே படுங்க. நாங்க வந்து உங்களோட இரிக்கிறம்."

உங்கள் மகள் அழுதேவிட்டாள்.

மாப்பிள்ளையின் தாயிடம் போய்ச் சொன்னோம். "அடுப்பையா சீதனமாத் தாறீங்க?" என்று கேட்டவ, எழும்பி உள்ளே போய்விட்டா. இன்னும் பதில் இல்லை. இந்தக் கலியாணம் நிற்குமா, நடக்குமா?

ஸுமையாவிடம் மெல்ல விசாரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவங்க வராட்டி விடுங்க வாப்பா. விடிஞ்சா கடைக்காரனுக்கு இடியப்பம் போகோணும்."

நாளைக்கு உறுதிப் பத்திரம் எழுத நொத்தாரிசிடம் போகிறேன் மாமி. அவர்களின் பதிலுக்காகக் காத்திருக்க மாட்டேன். அடுப்பங்கரை அவள் பேருக்குத்தான். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் வீட்டில் குடியிருக்கும்,
உங்கள் மருமகன்