யப்பான் சாமிக்குத் தொங்கவிட்ட பலகை

3.1.83

வயது நாற்பத்தேழு. தலையில் மயிர் குறைவு, வயிற்றில் ஒரு குறைவும் இல்லை. அக்காவையும் இரண்டு தங்கச்சிமாரையும் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கரையில் நான் மட்டும் நிற்கிறேன்.

இன்று கலியாணப் பேச்சுக்காரர் தம்பிஐயா அண்ணை வந்தார். பத்மாவதி மிசியிடமிருந்து மறுமொழி. தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் தாதி. என் காலில் தண்ணீர் இறைக்கும் மிசின் விழுந்தபோது கட்டுப் போட்டவர். நோயாளித் தகப்பனைப் பார்த்தே நாற்பது வயதாகிவிட்டது. கட்டுப் போடும்போது நான் விட்ட பகிடிகளுக்கு வார்டே சிரித்தது, அவர் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

"ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை," என்றார் அண்ணை.

"பின்னை?"

"'நல்ல மனிசன்தான், ஆனா வாயைத் திறந்தால் பகிடி. ஒருக்காலாவது பகிடியில்லாமல் ஒரு சொல்லுச் சொல்லட்டும், பிறகு யோசிப்பம்' எண்டு சொன்னவ."

"அப்ப ஊமையாய்ப் போய் நிக்கட்டோ?"

"பாத்தியே! உந்தப் பகிடியைத்தான் அவ சொல்லுறா."

6.1.83

ஆசுப்பத்திரி வாசலில் காத்து நின்றேன். இரண்டு நாளாய்ப் பாடமாக்கிய வசனம் தொண்டையில் தயாராக இருந்தது. மிசி வந்தார். "சொல்லுங்கோ" என்றார். மிசின் விற்றே பழகிய என் வாய் கேட்டது: "உங்கடை வீட்டுக் கிணறு எத்தினை அடி?"

ஒரு கணம் பார்த்தார். சிரிக்கவில்லை. பஸ் வந்தது.

சீ.

9.1.83

கட்டுநாயக்காவில் பிளேனுக்குக் காத்திருக்கிறேன். மிசின் செய்கிற யப்பான் கம்பனி, அதிகம் விற்றவர்களை இரண்டு கிழமை பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறது. கனகசபாபதி முதலாளியின் கடையில் அது நான். திறமை ஒன்றுமில்லை. எந்த வளவில் அண்ணன் தம்பிக்குள் பங்குக் கிணற்றுச் சண்டை என்று எனக்குத் தெரியும். சண்டை முற்றினால் ஒரு கிணற்றுக்கு இரண்டு மிசின்.

அக்கா மிளகாய்த்தூளும் விபூதியும் கட்டித் தந்தாள். "எடேய், அங்கை குளிராம். பெனியனைக் கழட்டிப்போடாதை!"

நான் என்ன குழந்தையா?

14.1.83

தைப்பொங்கல். பானையில்லை, பொங்கலில்லை. சூரியன்கூட வரவில்லை. என் முகத்தைப் பார்த்து, கம்பனியில் எங்களைக் கவனிக்கிற தனாக்கா பயந்துபோனார். (பெயரில்தான் அக்கா. ஆள் நல்ல ஆம்பிளை.) கோயிலுக்குப் போகவேண்டிய நாள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னேன். நாளைக்கு விடுமுறை, கூட்டிப்போகிறேன் என்றார்.

15.1.83

இன்றைக்கு யப்பான் என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். இன்னும் வயிறு நோகிறது.

கடலோரத்தில் பழைய கோயில், ஆயிரம் வருடமாம். பெயரைத் தனாக்கா மூன்று தரம் சொன்னார், என் நாக்கு மூன்று தரமும் வழுக்கியது. கோபுரம் கிடையாது. சிவப்பு மரத்தில் கதவில்லாத பெரிய வாசல் ஒன்று, அதைத் தாண்ட இன்னொன்று. உள்ளே பெரிய மரங்களுக்கிடையில் சின்னச் சின்னதாய் எத்தனையோ கோயில்கள். காவலுக்கு இரண்டு கல் நாய்கள். ஒன்று வாயைப் பிளந்தபடி, மற்றது இறுக்கி மூடியபடி. முதலாவது நான், மற்றது அக்காவிடம் அகப்பட்ட அத்தான்.

தண்ணீர்த் தொட்டியும் மூங்கில் அகப்பையும் வைத்திருந்தார்கள். காலைக் கழுவினேன், வேறென்ன? பின்னால் நின்ற கிழவி கண்ணை மூடிக்கொண்டாள். அது கைக்கும் வாய்க்குமாம்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, வளர்ப்புத்தான் பொறுப்பு. கோயில் வாசலைக் கண்டால் என் கை தானாகவே பொத்தானுக்குப் போகும். கோட், சுவெற்றர், சட்டை, பெனியன் எல்லாவற்றையும் தனாக்காவின் கையில் ஏற்றினேன். சால்வையை இடுப்பில் கட்டி, விபூதியை அள்ளிப் பூசிக்கொண்டு நிமிர்ந்தால், கோயிலே அசையாமல் நிற்கிறது. வெறும் மேலோடு நின்றவன் நான் ஒருவன்தான்!

"குளிர், குளிர்!" என்று தனாக்கா கோட்டை நீட்டினார். சாமிக்கு முன்னால் சட்டையோடு நிற்பது எங்களுக்கு மரியாதையில்லை என்று பல்லுக் கிடுகிடுக்க விளங்கப்படுத்தினேன். அவர் பூசகருக்குச் சொன்னார். பூசகர் என்ன செய்தார்? இடுப்பு வளைய எனக்குக் கும்பிடு போட்டார். எங்கள் ஊர் ஐயர் என் பக்கம் திரும்பி விபூதி தருவதே பெரிய காரியம்.

உள்ளே சிலை தெரியவில்லை, திரைதான். சிதம்பரம் போய்வந்தவனுக்கு அது புதினமா? அவர்கள் செய்கிறபடி இரண்டு தரம் குனிந்து, இரண்டு தரம் கைதட்டி, இன்னொரு தரம் குனிந்தேன். பிறகு என் கணக்குக்கு மூன்று தரம் சுற்றினேன். உடுப்புச் சுமையோடு தனாக்காவும் சுற்றினார், பாவம்.

நாங்கள் நேர்த்திக்குத் தொட்டில் கட்டுவதுபோல, அங்கே வேண்டுதலைச் சின்னப் பலகையில் எழுதித் தொங்கவிடுகிறார்கள். "உங்கள் மொழியிலேயே எழுதுங்கள், சாமிக்கு விளங்கும்," என்றார் தனாக்கா. 'சூடாய் ஒரு தேத்தண்ணி' என்று எழுதத்தான் பேனையைத் திறந்தேன். என்னவோ, அந்தக் குளிரில் பகிடி உறைந்துபோயிற்று. கை வேறொன்றை எழுதியது:

'பத்மாவதி மிசி என்னைக் கலியாணம் செய்ய ஓம் சொல்லவேண்டும். இது பகிடி இல்லை. — இராசநாயகம், தெல்லிப்பழை.'

சாமி ஆள் மாறிவிடக்கூடாதே என்று ஊரையும் போட்டேன்.

இன்றைக்கு அங்கே இருபது வயதானவர்களுக்கு விழா. பட்டுடுத்த பெட்டைகளைப் படமெடுக்க வந்த பத்திரிகைக்காரர் எல்லாரும் சிரித்தபடி என் பக்கம் திரும்பிவிட்டார்கள். பலகையை உயர்த்திப் பிடி என்றார்கள். பள்ளிப் பெடியன் சிலேற்றைப் பிடிப்பதுபோல நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். கூச்சமே இல்லை. தமிழ் வாசிக்க இந்தத் தேசத்தில் ஒரு காகமும் இல்லையே!

16.1.83

காய்ச்சல். பெனியன் விசயத்தை அக்காவுக்குச் சொல்வதில்லை.

24.2.83

ஐயோ.

கம்பனியிலிருந்து பார்சல். பத்திரிகையில் வந்த படத்தைக் கதவளவுக்குப் பெருப்பித்து, கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கிறார்கள், கௌரவமாம். வெறும் மேல், விபூதி, வயிறு, நெஞ்சில் பலகை. ஒவ்வொரு எழுத்தும் மாட்டு வண்டிச் சில்லளவு. நான் கடைக்குப் போகமுதல் முதலாளி அதைக் காசுமேசைக்கு மேலே கொழுவிவிட்டார்.

"முதலாளி, உந்தப் படத்தைக் கழட்டுங்கோ!"

"சும்மா இரடாப்பா. படம் பாக்க வாறவன் மிசினையும் பாக்கிறான்."

27.2.83

ஊர்க்கதை முழுவதையும் இருபது வருடமாய் நான் விற்றேன். இப்போது என் கதையை ஊர் விற்கிறது. சுன்னாகத்திலிருந்தும் சனம் வருகிறது. கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு அத்தான் நின்று வாசித்துக் காட்டுகிறார். வாய் மூடிய நாய் என்று எழுதினேனே, அந்த மனிதர்!

என் மானம் போனால் போகட்டும், அது முதலே பழசு. மிசியின் பெயரல்லவா சுவரில் தொங்குகிறது? அவருக்குத் தெரிந்துவிட்டதாம். நாளைக்கு முதலாளி கோபித்தாலும் கழற்றிவிடவேண்டும்.

28.2.83

கழற்றவில்லை.

கதிரையில் ஏறி ஆணியில் கை வைத்தேன். திரும்பினால் வாசலில் பத்மாவதி மிசி. வேலைக்குப் போகும் வெள்ளை உடுப்பு, கையில் குடை. கதிரையில் நின்ற என்னையும் பார்த்தார், படத்திலிருந்த என்னையும் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை, ஊர்ப் பெயர்வரை வாசித்தார்.

"மிசி, மன்னிக்கவேணும். அங்கை ஒருத்தருக்கும் தமிழ் தெரியாதெண்டுதான்..."

"எனக்குத் தெரியும்," என்றார்.

என் வாய்க்குள் பகிடி ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்தேன், உண்மையாகவே இல்லை.

"எழுதினது மெய்தானோ?"

"ஓம்."

அந்த ஒரு சொல்தான் வந்தது. மிசி குடையை விரித்தார். படியிறங்கிப் போய் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"எங்கடை கிணறு இருபத்தைஞ்சு அடி. மாரியிலை தண்ணி மேலை வரும்."

26.6.83

படத்தை முதலாளி கலியாணப் பரிசாய்த் தந்துவிட்டார். பத்மாவதி அதை விறாந்தையில் கொழுவி, என் வயிற்றுக்கு நேரே ஒரு கலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறாள். தலையும் பலகையும் மட்டும் தெரிகின்றன.

நான் பகிடி விடத் தொடங்கினால் அவளிடம் ஒரு பேச்சுத்தான்: "முதல் அதை ஒருக்கால் வாசியுங்கோ." வாசிக்கவேண்டும், சத்தமாக, ஊர்ப் பெயர்வரை. இன்றைக்கு மட்டும் மூன்று தரம்.

நான் வாசிக்கையில் கிணற்றடிப் பக்கம் திரும்பி நின்றுவிடுவாள். முகம் தெரியாது. தோள் மட்டும் குலுங்கும்.