நாலாவது டாக்டர்

1938 ஜூன் 14, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அம்மா கொல்லைக் குழாயடியில் இருந்தாள். நானே காபி கலந்து குடித்து, இங்கிலீஷ் கட்டுரை ஒரு பக்கம் எழுதிவிட்டு எட்டிப் பார்த்தேன். அப்போதும் அங்கேதான். முழங்கை வரை சாம்பல் தேய்க்கிறாள், கழுவுகிறாள், மறுபடி சாம்பல். தோல் உரித்த தக்காளி மாதிரி இருக்கிறது கை.

கூடத்தில் அத்தை பக்கத்தாத்து மாமியிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். "எங்காத்து அலமேலு மாதிரி மடி இந்த மல்லேஸ்வரத்துலயே கிடையாது. ஒரு தரம் விழுப்பு பட்டா பத்து தரம் அலம்புவா." மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தெரு விழுப்பு, அதாவது தீட்டு. தபால்காரர் கொடுக்கும் கார்டு விழுப்பு. பள்ளிக்கூடத்துப் பாவாடை விழுப்பு. அம்மா என்னைத் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. இதற்கா கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்?

ஜூன் 19, ஞாயிறு

நேற்று கையில் ரத்தம் கசிந்ததால்தான் அப்பா கண்டோன்மெண்டுக்குக் கூட்டிப் போனார். தோல் வியாதிக்குப் பார்க்கும் டாக்டர் ஹெர்பர்ட். நானும் போனேன். அம்மாவின் முகத்தை அவர் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. இரண்டு கைகள் மட்டும் தனியாக ஜட்கா வண்டியில் வந்து இறங்கிய மாதிரி பார்த்தார். ஒரு களிம்பு கொடுத்தார். அம்மா தினமும் பூசிக்கொண்டிருப்பாள். நான் கெடுத்தேன்.

டப்பாவில் இங்கிலீஷில் சின்ன எழுத்து. யாரும் கேட்காமலே உரக்கப் படித்தேன். 'லார்ட்' என்ற வார்த்தை தெரியவில்லை என்று ஓடிப்போய் அகராதியைப் பார்த்து, "பன்னிக் கொழுப்பு!" என்று கூடத்தில் நின்று சொன்னேன். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதற்குள் அம்மா அதைக் கையில் தடவியிருந்தாள். சாயங்காலம் வரை குழாய் நிற்கவில்லை.

ஜூலை 2, சனி

இரண்டாவது டாக்டர் சீனிவாசராகவன். அப்பாவின் சிநேகிதர். மீசையில் மூக்குப்பொடி ஒட்டியிருந்தது. மூக்கைத் துடைத்த விரலை வேஷ்டியில் தேய்த்துவிட்டு அதே விரலால் அம்மாவின் நாடியைப் பிடித்தார்.

"ஏண்டா ஆராவமுதா, இதெல்லாம் ஒரு வியாதியா? எங்காத்துக்காரிக்கு இதுல கால் பங்கு வந்தா நான் பாயசம் வெச்சுக் கொண்டாடுவேன். அவ பல்லே தேய்க்க மாட்டா!"

அப்பா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? மரியாதைக்காகவா? ஏதோ டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அம்மா நாடி பார்த்த இடத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஜூலை 3, ஞாயிறு

இன்றைக்கு அம்மாவைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இந்த வரியை அடிக்க மாட்டேன். எழுதினது எழுதினதுதான்.

ஜூலை 20, புதன்

மூன்றாவது டாக்டருக்கு ஊரில் பெரிய பெயராம். பெயரை எழுதக்கூட மனசில்லை. அம்மாவின் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை பந்து மாதிரி கட்டிவிட்டார். "பதினஞ்சு நாள் அவிழ்க்கக் கூடாது. வெறும் கெட்ட பழக்கம். விரல் சூப்பற குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவறோமே, அந்த மாதிரி." இதை அப்பாவைப் பார்த்துச் சொன்னார். நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஆகையால் நான்தான் ஊட்ட வேண்டும். இரண்டு முறை குளித்துவிட்டு, மடிப்புடவை சுற்றிக்கொண்டு ஊட்டினேன். முதல் வாய் முழுங்கினாள். இரண்டாவது வாய்க்கு என் விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாந்தி எடுத்தாள்.

என் கை என்ன அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?

ஜூலை 25, திங்கள்

வெந்நீர் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா கட்டோடு இரண்டு கைகளையும் அதற்குள் விட்டுவிட்டாள்.

அப்பா கட்டை அவிழ்த்தார். துணியோடு தோல் வந்தது. அந்த நாற்றம் — வேண்டாம்.

அத்தை சொல்றா, "பாவம், மடி குலையக் கூடாதுன்னு என்ன வைராக்யம் பாரு!" வைராக்யமாம்! வாயை மூடுங்கோ அத்தைன்னு கத்திட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லலை. அத்தையையும் ஒண்ணும் சொல்லலை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஜூலை 28, வியாழன்

நேற்று ஜூடித் டீச்சரிடம் சொல்லிவிட்டேன். ஏன் அழுகிறாய் என்று கேட்டார், எல்லாம் வந்துவிட்டது. அவர் தம்பிக்கும் மனசில் வியாதி இருந்ததாம்.

"அஞ்சு பேர்கிட்ட கூட்டிட்டுப் போனோம்மா. நாலு பேர் எங்கப்பாவைக் கேட்டுக் கேட்டு மருந்து எழுதினாங்க. ஒருத்தர்தான் தம்பியைக் கேட்டார். முதல் நாள் மருந்தே எழுதலை. எங்கப்பாவுக்கு ஒரே கோவம், இவனெல்லாம் ஒரு டாக்டரான்னு." அந்த டாக்டர் பெயர் ஞானசேகரன். மனோவியாதிக்கே படித்தவர். விலாசத்தை டீச்சர் தாளில் எழுதிக் கொடுத்தார்.

இன்று காலை அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். "பைத்தியத்துக்குப் பாக்கறவனா? வெளியில தெரிஞ்சா நாளைக்கு உன்னை யார் பண்ணிப்பா?"

"யாரும் பண்ணிக்க வேண்டாம்."

ஆபீசுக்குச் சாப்பிடாமலே போய்விட்டார். ஆனால் தாளைத் திருப்பித் தரவில்லை.

ஆகஸ்ட் 4, வியாழன்

போனோம். மூன்று பேரும். அத்தையிடம் கோயிலுக்கு என்று பொய்.

டாக்டர் ஞானசேகரன் ஒல்லியாக இருக்கிறார். சுவரில் சிலுவை. எனக்கு அவர்மேலும் நம்பிக்கை இல்லை. அப்பா வழக்கம்போல் ஆரம்பித்தார், "இவளுக்கு மடி கொஞ்சம் ஜாஸ்தி டாக்டர், சின்ன வயசுலேர்ந்தே —"

"சார், ஒரு நிமிஷம். அம்மா, நீங்க சொல்லுங்க."

அம்மா தன் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டில் யாரோ மாவு சலிக்கிற சத்தம் கேட்டது. அப்பா இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார். டாக்டர் அவர் பக்கமே திரும்பவில்லை.

பிறகு அவர் கேட்டார், "எனக்கு உங்க வழக்கம் சரியாத் தெரியாது. தப்பா இருந்தா சொல்லுங்க. மடியா இருக்கிறது சாமி கும்பிடத்தானே? கழுவி முடிச்சப்புறம் சாமி கும்பிட நேரம் கிடைக்குதா?"

அம்மா கட்டுப்போட்ட கையால் வாயை மூடிக்கொண்டாள். "எட்டு மாசமா பெருமாள் அறைக்குள்ள போகலை," என்றாள். "வாசல் வரைக்கும் போறேன். காலில என்னமோ பட்ட மாதிரி இருக்கு. திரும்பிடறேன். இது மடி இல்லை. எனக்குத் தெரியும். எனக்கே என்னைப் பாத்தா வெறுப்பா இருக்கு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதம்! ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தை விளக்கேற்றுகிறாள், அப்பா சேவித்துவிட்டு ஓடுகிறார், நான் புத்தகம் படிக்கிறேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. மூன்று டாக்டர்களைத் திட்டி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், நான் கேட்டேனா?

மருந்து எழுதவில்லை. "குணமாயிடும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். வியாழக்கிழமைதோறும் வாங்க, பேசலாம். அந்தக் கைக்கு மட்டும் தினம் கட்டு மாத்தணும்." களிம்பில் என்ன கலந்திருக்கிறது என்று அம்மா கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார்.

ஆகஸ்ட் 26, வெள்ளி

அத்தைக்குத் தெரிந்துவிட்டது. "மருந்தும் இல்லாம மாயமும் இல்லாம, வெறும் பேச்சா? அந்தக் கிறிஸ்தவன் இவ ஆசாரத்தையே கெடுக்கப் பாக்கறான்."

ஒரு தரம் குறைத்துக் கழுவிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பயம் தாங்கவில்லை என்றால் வியாழக்கிழமை வந்து அவரைத் திட்டலாமாம். அம்மாவால் முடியவில்லை. நேற்று நிஜமாகவே திட்டினாளாம்.

செப்டம்பர் 17, சனி

இன்று முன்னைவிட மோசம். எழுதப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 13, வியாழன்

காலையிலிருந்து மழை. அப்பாவுக்கு ஆபீசில் ஆடிட், வர முடியாது. "நல்லதாப் போச்சு, இன்னிக்கு ஒண்ணும் போக வேண்டாம்," என்றாள் அத்தை.

அம்மா நேரே வாசலுக்குப் போய்க் கன்னடத்தில் ஜட்காவைக் கூப்பிட்டாள். அதிலிருந்து வெற்றிலை மென்றுகொண்டே ஒருத்தர் அப்போதுதான் இறங்கினார். உள்ளே நனைந்த வைக்கோல். நானும் வருகிறேன் என்று ஓடினேன். "நீ பள்ளிக்கூடம் போ. அங்கே நான் பேசறதுக்கு இருக்கு," என்றாள். ஏறுவதற்கு இரும்புக் கம்பியைப் பிடிக்க வேண்டும். அதைப் பார்த்தபடி மழையில் நின்றாள். வண்டிக்காரன் அவசரப்படுத்தினான். பிடித்து ஏறினாள்.

திரும்பி வந்து விளக்கு வைக்கும் வரை கழுவினாளாம். அத்தை என்னிடம் ஜெயித்த மாதிரி சொன்னாள்.

ராத்திரி சாப்பிடும்போது, எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே அம்மா மூக்கைச் சுளித்தாள்.

"அந்த ஜட்காக் குதிரை என்ன நாத்தம்டி! போற வழியெல்லாம் வாலைத் தூக்கிண்டு."

"சகிக்கலைம்மா," என்றேன். "நான் வாசல்லேயே மூக்கைப் பொத்திண்டுட்டேன்."