ஹோலிஸ் வண்டியில் ஏற்றிய துப்பாக்கிகள்

ஏப்ரல் 14, 2019
கொலராடோ

அன்புள்ள மேவிஸ் அக்காவுக்கு,

நலம். போனில் பேசினால் நாம் பாதியிலேயே வைத்துவிடுகிறோம், அதனால் எழுதுகிறேன். நீ டென்வரில் பதாகை தூக்கி நின்றதை டிவியில் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். ஒழுங்காகச் சாப்பிடு.

உன் சட்டம் நிறைவேறிவிட்டது, சந்தோஷம்தானே? ஒருவன் ஆபத்தானவன் என்று வீட்டார் போய்ச் சொன்னால் நீதிபதி அவன் துப்பாக்கிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாமாம். குற்றமே செய்யாதவனிடமிருந்து. ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து, "எவனோ ஒரு கிறுக்கன் சுட்டதுக்கு எங்க வீட்டு பீரோவ ஏன்யா தொறக்கறீங்க?" என்று கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமானது. என் மகன் ட்ரெவர் விசிலே அடித்தான். உன் மருமகன் அல்லவா.

உன் தம்பி,
ஹோலிஸ்

மே 2, 2019
டென்வர்

அன்புத் தம்பிக்கு,

கைதட்டல் வாங்கினாயாக்கும். துப்பாக்கியோடு எவனாவது பள்ளிக்குள் நுழைந்தால் என்று, என் வகுப்பில் ஏழு வயதுப் பிள்ளைகள் மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளப் பழகுகிறார்கள். ஒருத்தி, "டீச்சர், அப்ப எனக்குத் தும்மல் வந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள். அதற்காகத்தான் பதாகை. உன் பீரோவில் இருப்பதை யாரும் கேட்கவில்லை.

நீ அனுப்பிய மானிறைச்சி வந்தது. உப்பு அதிகம்.

அன்புடன்,
மேவிஸ்

செப்டம்பர் 20, 2021

அக்கா,

உன் சட்டத்தை நானே பயன்படுத்திவிட்டேன். சிரிக்காதே.

தீவன ஆலையில் வேலையை விட்டு நிறுத்தியதிலிருந்து ட்ரெவர் யாரோடும் பேசவில்லை. புதிதாகத் துப்பாக்கி வாங்கினான். ஒருநாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "சம்பளத்தன்னிக்கு எல்லாப் பயலும் ஒரே வரிசைல நிப்பானுங்கப்பா" என்றான்.

மறுநாளே நீதிபதியிடம் போனேன். அவன் துப்பாக்கியை எடுத்துப்போக ஷெரிஃப்பின் போலீஸ் வந்தபோது என்னுடையவற்றையும், அப்பா விட்டுப்போன மான் துப்பாக்கியையும் சேர்த்து நானே வண்டியில் ஏற்றினேன். ஒரே வீட்டில் அவனுடையது மட்டும் போய் என்ன பயன்? அன்று கைதட்டியவர்களே இன்று, "என்ன ஹோலிஸ், பெத்த புள்ளையவே காட்டிக் குடுத்துட்டியாமே" என்கிறார்கள்.

ட்ரெவரோ, "சும்மா சொன்னேம்ப்பா. என்னக்கூட நம்ப மாட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று தெரியாது. ஒன்றும் நடக்கவில்லை, அக்கா. நடக்காததால், நடந்திருக்குமா என்பது எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. பிள்ளையை வீணாக இழந்துவிட்டேனா, நீயே சொல்.

ஹோலிஸ்

நவம்பர் 7, 2021

என் தம்பி ஹோலிஸுக்கு,

ட்ரெவர் என் வீட்டில் இருக்கிறான். முதலில் இதைப் படித்து மூச்சு விடு.

உன்னோடு எத்தனையோ வருஷம் சண்டை போட்டேன். சட்டம் கேட்டு ஆயிரம் பேர் தெருவில் நின்றோம். ஊரே ஏசும் என்று தெரிந்தும் மகனுக்காக நீதிமன்றப் படி ஏறியது நீதான். நானாக இருந்தால் ஏறியிருப்பேனா, தெரியவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறது.

நேற்று சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் தானாகவே சொன்னான்: "அத்தை, அப்பாகிட்ட பொய் சொல்லிட்டேன். எந்தச் சம்பள வெள்ளிக்கிழமைன்னு முடிவே பண்ணி வச்சிருந்தேன்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதான். டாக்டரைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறான்.

"இத நீயே அப்பாவுக்கு எழுதுடா" என்றேன்.

"எனக்குக் கை வரல. நீங்க எழுதுங்க அத்தை. அவர வரச் சொல்லுங்க" என்றான்.

புறப்பட்டு வா.

உன் அக்கா,
மேவிஸ்