காருக்குச் சேலை கட்டியிருக்கிறேன்

என்னங்க,

வீட்டுக்குள் வருமுன் காரைத்தான் பார்ப்பீர்கள். அதனால்தான் இந்தச் சீட்டை வைப்பரில் செருகியிருக்கிறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ஜாய்ஸ் அக்காவிடம் இருக்கிறது.

வாரம் தவறாமல் நீங்கள் வேக்ஸ் போட்டுத் தேய்த்ததில் கார்க் கதவு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டது. அந்த மயில் இன்றைக்கும் வந்து, உள்ளே தெரிவது வேறொரு மயில் என்று கதவைக் கொத்தியது. துடைப்பத்தை ஓங்கினால் என்னைக் கொத்த வருகிறது. அதனால் தீபாவளிக்கு எடுத்த மயில்கழுத்துக் கலர் சேலையைக் காருக்குச் சுற்றிவிட்டேன். கொசுவம்கூட வைத்தேன். ஊக்கு குத்தவில்லை, கீறல் விழாது.

அண்ணன் மகள் சடங்குக்கு வாசுதேவநல்லூர் கிளம்பிவிட்டேன். “ரோடெல்லாம் தூசி, வண்டி வீணாப் போயிரும், நீ பஸ்ல போ” என்றீர்களே, அத்தைக்காரி நான் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போகிறேன்.

புளிக்குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது. அப்பளம் நீங்களே பொரித்துக்கொள்ளுங்கள்.

சுந்தரி

மறந்துவிட்டேன்: மயில் இப்போது கொத்தவில்லை. சேலை கட்டிய கார் முன்னால் தோகை விரித்து ஆடுகிறது. இதே சேலையோடு தீபாவளியன்று நானும் உங்கள் முன்னால் வந்து நின்றேன். “ஏட்டி, தள்ளி நில்லு. வேக்ஸ் காயணும்” என்றீர்கள்.