ரோன்டாவின் பெயரைப் பிரிக்கச் சொன்னாயாமே

நெப்ராஸ்கா

அன்பு மகன் கென்டுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அலாஸ்காவில் நீ சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்கிறேன். மக்காச்சோள அறுப்பு முடிந்தது, அப்பாவுக்கு முட்டிவலி தேவலை.

உனக்கும் உன் மனைவி ரோன்டாவுக்கும் என்று நான் தொடங்கிய ஒட்டுப்போர்வை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்கப் போன மாதம் லவோன் வீட்டுக்குப் போனேன். துண்டுத் துணிகளை ஒட்டி மேல்துணியை நாங்களே தைத்தாலும் பஞ்சும் அடித்துணியும் சேர்த்துத் தைக்க அவளுடைய பெரிய மெஷின்தான் இந்தப் பக்கத்துக்கே கதி. ஈஸ்டரிலிருந்து காத்திருந்து அப்போதுதான் நம்முடையது மெஷின் சட்டத்தில் ஏறியிருந்தது, மேல் மூலையில் ரோன்டா பெயரும் தைத்தாகிவிட்டது, உன் பெயர் கீழ் மூலைக்கு. லவோன் முகம் கொடுத்தே பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "ஒம் மகன் போன் பண்ணான் வெர்லா, ரோன்டா பேரைப் பிரிச்சுட்டு அவன் பேரை மட்டும் போட்டு அங்க அனுப்பச் சொன்னான், ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். எனக்கு எங்கே தெரியும்? நீங்கள் பிரியப்போகிற சேதியையே டிராக்டர் விலை கேட்கிற மாதிரி அப்பாவிடம் சொல்லிவிட்டு போனை வைத்தவன் நீ. என் வீட்டுச் சங்கதியை அடுத்தவள் வாயால் கேட்க வைத்தாயே, எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

உங்கள் சண்டையில் நான் மூக்கை நுழைக்கவில்லை. போர்வை வேறு விஷயம். என் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு கிடந்தபோது குளிர்காலம் பூராவும் சனிக்கிழமைதோறும் பனியில் வண்டி ஓட்டி வந்து அந்தத் துணிக் கட்டங்களை வெட்டித் தைத்தது ரோன்டா. நான் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினேன், அவ்வளவுதான். முறிந்தது எந்தக் கை என்றாவது உனக்குத் தெரியுமா? நோகாமல் நோன்பு கும்பிடப் பார்க்கிறாய்.

லவோன், "பிரிச்சா ஊசி ஓட்டை அப்படியே தெரியும், என்ன பண்ணட்டும், நீயே சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் பெயரைத் தொடாதே, என் மகன் பெயர் வர வேண்டிய மூலையில் இலையும் கொடியும் போட்டு நிரப்பு என்றேன். நேற்று விளிம்பு மடித்து முடித்து நானே ரோன்டாவிடம் கொண்டுபோனேன். வாங்க மாட்டேன் என்று அழுதாள். "இது மருமகளுக்கு இல்லடி, கூட உக்காந்து தைச்சவளுக்கு" என்று மடியில் போட்டுவிட்டு வந்தேன்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். அங்கே குளிர் அதிகம், கடையில் கனமான கம்பளியாகப் பார்த்து வாங்கிக்கொள், மறக்காதே. என் கையால் ஒரு போர்வை வேண்டுமென்றால் வீட்டுக்கு வா, என் எதிரே உட்கார்ந்து துணி வெட்டு.

கோபம் ஆறாத உன் அம்மா,
வெர்லா