சூடானால் நிற்கும் வண்டி

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் சிக்னலில் நின்றது. வண்டிக்குள் டெலிவரிக்கு இரண்டு மெத்தைகள், பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் குலுங்கி, இருமி, அடங்கிவிடுகிறது. ஒரே காலின் விரல்களால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலரேட்டரையும் மிதித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

வண்டியும் மாமனாருடையது, நான் தூங்குகிற அறையும் மாமனாருடையது. அவரிடம் சொன்னேன். "காலைல நான் ஓட்டினேனே, பூ மாதிரி போச்சு. வண்டிக்கு ஆள் தெரியும் மாப்ள. நீங்க கத்துக்கணும்." ஒருநாளும் என்னை 'நீ' என்றதில்லை. மரியாதையாகவே மண்டையில் குட்டுவார்.

மார்ச் 5, வியாழன்

பிளக் மாற்றினேன். அப்படியும் நின்றது.

மார்ச் 8, ஞாயிறு

வெளியூர்க் கிடங்கிலிருந்து போன். டிரைவர் வேலை, தங்க வீடும் தருகிறார்களாம். அடுத்த திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "கதவைச் சாத்திக்கிட்டு நல்லா சத்தமா சண்டை போடலாம்!" என்றாள். இங்கே சண்டைகூடக் கிசுகிசுத்துத்தான்.

மாமா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "தாராளமா போங்க. ஆனா நின்னு நின்னு போற வண்டியை என் தலையில கட்டிட்டுப் போகாதீங்க. சரி பண்ணிக் குடுத்துட்டுக் கிளம்புங்க."

அன்றைக்குப் பூ. இன்றைக்கு நின்று நின்று போகிற வண்டி!

மார்ச் 10, செவ்வாய்

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிரயோஜனம் இல்லை. காலை எடுத்தாலும் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கிற ஸ்லோ ஸ்பீடு திருகை ஏற்றி வைத்தேன் - நிற்கவில்லை, ஆனால் தொண்டை கிழியக் கத்துகிறது, கிளட்சை விட்டால் பாய்கிறது. மெத்தைக் கடைச் சுவரில் மோதப் பார்த்தேன். திருகை இறக்கினேன். நின்றது. என்னதான்டா வேணும் உனக்கு? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்!

மார்ச் 12, வியாழன்

கோளாறு கிடைத்துவிட்டது. மெக்கானிக் இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, ஒவ்வொரு ரப்பர் குழாயாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். ஒன்றில் தண்ணீர் பட்டதும் குலுக்கல் அடங்கியது. உலர்ந்ததும் திரும்ப வந்தது. குழாயில் வெடிப்பு, அதைச் சுற்றிக் கறுப்பு டேப். ஆறியிருக்கும்போது டேப் பிடித்துக்கொள்கிறது. சூடானதும் பசை இளகி, அந்த வழியாக இன்ஜின் தேவைக்கு மேல் காற்றை இழுத்து நின்றுவிடுகிறது. காலையில் தெருமுனைவரை மட்டும் ஓட்டுகிறவருக்கு எங்கே தெரியப்போகிறது?

புதுக் குழாய் போட்டாயிற்று. சிக்னலில் காலை எடுத்தேன். சீராக ஓடிக்கொண்டே இருந்தது. பச்சை விழுந்தும் கிளம்ப மனசு வரவில்லை, திட்டு வாங்கினேன்.

மாமா சிரித்தார். "நான் சுத்தின டேப்புதான் மாப்ள அது." ராத்திரி சாப்பிடும்போது, "அப்ப கிளம்பிடுவீங்க" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மார்ச் 14, சனி

அவள் பெட்டி அடுக்குகிறாள். வாயில் பாட்டு வேறு.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடி நின்றது. பானெட்டைத் திறந்தேன். புதுக் குழாயைக் காணோம். அதே பழைய குழாய், மேலே புத்தம்புது டேப்.

ரத்தம் கொதித்தது. இன்றைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்றுதான் வீட்டுக்கு வந்தேன். வாசலிலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "நின்னுடுச்சா மாப்ள?" என்றார். கிண்டல் இல்லை. மனிதர் பயந்துபோயிருந்தார். அத்தை இறந்ததிலிருந்து அவருக்கு எங்கள் இரண்டு பேரையும் விட்டால் பேச ஆளில்லை.

"ஆமா மாமா, நின்னுடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல? எரிச்சலாக வருகிறது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. குழாயை அவர் மாற்றியதை அவளிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவை மன்னிக்கமாட்டாள்.

மார்ச் 16, திங்கள்

கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள். பக்கத்திலேயே அவள். "மாமாவோட வண்டி இன்னும் சரியாகல சார், விட்டுட்டு வர முடியாது. குழாய் மாத்தியும் நிக்குது, கோளாறு எங்கன்னே தெரியல. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திரும்ப அடுக்கினாள்.