துணி வண்டியில் ஒரு பிரசவம்

விக்டோரியா, செப்டம்பர் 1903

அன்புள்ள பசந்த் கவுருக்கு, உன் ரூர் சிங் எழுதுவது. வாஹேகுருவின் கருணையால் நானும் குதிரையும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நம் ஜிந்தோ நடக்கிறாளா?

போன வாரம் ஒரு வேடிக்கை. வழக்கம்போல விற்பதற்குத் துணிமணி வண்டியில் ஏற்றிக்கொண்டு டூலி என்பவரின் பண்ணைக்குப் போனேன். அவர் ஆட்டுமயிர் கத்தரிக்க வெளியூர் போயிருந்தார். அவர் மனைவி நோரா கதவைப் பிடித்தபடி, "சிங், இன்னைக்கு ஒண்ணும் வேணாம். வலி எடுத்துடுச்சு. மருத்துவச்சிகிட்ட கொண்டுபோய் விடு" என்றாள்.

துணிகளை மெத்தையாக விரித்து அவளை வண்டியில் ஏற்றினேன். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நான் குதிரையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றேன்.

"அங்க என்னத்தப் பாக்குற? கையக் குடு."

கொடுத்தேன். அவள் பிடித்த பிடியில் என் விரல்கள் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். பையன் பிறந்தான், அழவில்லை. ஆட்டுக்குட்டிக்குச் செய்வதுபோல முதுகைத் தேய்த்தேன். பிறகு அழுதான். நானும்தான்.

"உனக்குப் பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டாள்.

"ஒரு மக. இன்னும் பாத்ததில்ல."

அவள் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். பிறகு இருவரையும் மருத்துவச்சியிடம் சேர்த்தேன். நலமாக இருக்கிறார்கள்.

ஜிந்தோவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க வேண்டும். கொஞ்சம் மஞ்சளும் அனுப்பு. தபால்காரர் அவசரப்படுத்துகிறார். ஒன்று மட்டும் எழுது பசந்த்: ஜிந்தோ பிறந்தபோது உன் கையை யார் பிடித்திருந்தார்கள்?

உன்
ரூர் சிங்